ஆறு பத்து வண்டி

திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு மிஸ்டரை வேலையிலிருந்து தூக்கினார்கள். பதினொன்று இருபத்தைந்துக்குள் மோந்தெசாலே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் ஏலக் கூடத்தில் ஒரு பெட்டி கணவாய் பாதி ஏலத்தில் நின்றது. பஸ் டிரைவர் நிறுத்தத்துக்கு நூறடி முன்னாலேயே வண்டியை நிறுத்தி, ஜன்னலில் தலையை நீட்டி, "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். காபிக் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள்.

"கெளம்பிட்டான்டா வடக்கத்தியான்!"

"கிறிஸ்துமஸ் வரைக்கும் விடுவாங்கன்னு பாத்தேன்."

"எதுக்கு? கேக்கு வெட்டவா?"

கால்பந்துப் பயிற்சியாளருக்கு அந்த ஊரில் பேர் கிடையாது. வந்த அன்றும் மிஸ்டர், போகிற அன்றும் மிஸ்டர். இந்த மிஸ்டரின் பேர் எர்மெஸ் த்ரெவிசன். ஆல்ப்ஸ் அடிவாரத்துக்காரர். நாலு மாதமாக ஒரே சாம்பல் கோட்டு, கோட்டுப் பையில் இரண்டு கை, வாயில் நாலு வார்த்தை. பதினாறு ஆட்டத்தில் மூன்றே வெற்றி. மூன்றாம் பிரிவுப் பட்டியலில் கீழேயிருந்து இரண்டாம் இடம்.

காபிக் கடைக்கு எதிர்ச்சாரியில் செமெராரோ சலவைக்கடை. உள்ளே தோரா ஒரு ஹோட்டல் மேசைவிரிப்பை நான்காம் தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அது இரண்டாம் தடவையிலேயே தகடு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிறு சாயங்காலத்திலிருந்து அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. முடிவு தெரிந்த பிறகாவது நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

கத்தால்தோ ஓடிவந்தான். குழாய் வேலை பார்ப்பவன், முப்பத்துநாலு வயது. மைதானத்துத் தெற்கு கேலரி ரசிகர்களின் தலைவன் என்று ஊர் ஒத்துக்கொண்ட ஆள்.

"அக்கா! உன் பேனர் வேலை செஞ்சிடுச்சுக்கா! கிளப் தலைவரே டெலிபோன்ல சொன்னாராம், 'சனங்க எழுதிட்டாங்க, நான் கையெழுத்து மட்டும் போட்டேன்'னு."

"என் பேனர்னு கத்தாத."

"சரி, நம்ம பேனர். ஆனா ஒரு சின்ன விஷயம்." குரலைத் தணித்தான். "பேனர் இப்ப நம்மகிட்ட இல்ல."

"பின்ன யாருகிட்ட?"

"அவர்கிட்டத்தான். காலைல ஏழு மணிக்குப் பயிற்சி மைதான வேலியில கட்டிட்டு, எதிர்ல வண்டிக்குள்ள உக்காந்து பாத்துட்டிருக்கோம். மிஸ்டர் மொதல் ஆளா வந்தாரு. வண்டியை நிறுத்தினாரு. முழுசா படிச்சாரு. அப்புறம் ஒவ்வொரு முடிச்சா அவுத்தாரு அக்கா. அறுக்கல. அவுத்தாரு. நாலா மடிச்சு, எட்டா மடிச்சு, டிக்கியில வெச்சுப் பூட்டிட்டு உள்ள போயிட்டாரு."

"நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"என்ன பண்றது? நல்லா மடிக்கிறாருன்னு பாத்துட்டிருந்தோம்."

கேலரிக்காரர்களுக்குத் துணி என்றால் மானம். எதிரணி ரசிகன் பேனரைப் பறித்துவிட்டான் என்பதற்காகச் சங்கத்தையே கலைத்துவிட்ட ஊர்கள் உண்டு. ஆனால் சொந்த அணியின் பயிற்சியாளரே எடுத்துக்கொண்டு போனால் அது பறிகொடுத்ததா, ஒப்படைத்ததா? கத்தால்தோ வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்திருந்தான்.

தோராவுக்குக் கவலை அதுவல்ல. மேசைக்கு அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவை இழுத்துத் திறந்தாள். உள்ளே எண் தைத்த விரல் நீளத் துணித் துண்டுகள். மேலே கிடந்ததை எடுத்தாள்: தொண்ணூற்றெட்டு. அது அக்டோபரில் வெட்டியது. டப்பாவை மேசையில் கவிழ்த்துக் கிளறினாள். நூற்றுப் பதினாலு இல்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ போ. உன் வேலையைப் பாரு."

அவன் போனதும் தரையில் முட்டிபோட்டுத் தேடினாள். அங்கும் இல்லை. இருக்காது. வெட்டியிருந்தால்தானே இருக்கும்.

அத்தொலொராத்தா செமெராரோ என்கிற தோராவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பேனர் எழுத ஆரம்பித்துச் சரியாக நாற்பத்திரண்டு வருடம். பதினைந்து வயதில் அவளைக் கேலரிப் பையன்கள் தேடி வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, அவள் அம்மாவின் சலவைக்கடையில் ஹோட்டல்கள் கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகள் குவிந்து கிடந்தன. இரண்டு, கன்னியர் மடத்துப் பள்ளியில் பூவேலை கற்றுக்கொண்ட கை என்பதால் அவள் எழுத்து நூல் பிடித்தமாதிரி நிற்கும். அறுபது வரிசை தாண்டி இருப்பவனுக்கும் தெரியும்.

அவள் அன்றே ஒரு கட்டுப்பாடு வைத்தாள். "துணி என்னோடது, எழுத்து என்னோடது. சொல்லு உங்களோடது." காகிதத்தில் எழுதி வந்ததை அப்படியே வரைந்து கொடுப்பாள். ஒரு வார்த்தை கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள். நடுவரின் தாயாரைப் பற்றி எழுதி வந்ததைக்கூட உதட்டைச் சுழித்துக்கொண்டு வரைந்திருக்கிறாள். பிறகு கத்தரியை எடுத்து, விரிப்பின் மூலையில் சிவப்பு நூலில் தைத்திருக்கும் கடைக் குறியையும் எண்ணையும் வெட்டி டப்பாவில் போடுவாள். பேனர் அதற்குப் பிறகு யாருடையதும் இல்லை.

அந்தக் கத்தரி வேலைக்குப் பதினொரு வருடமாகக் கூடுதல் அவசியம் வந்திருந்தது. கிளப்பின் துணி முழுக்க அவள் கடைக்குத்தான் வருகிறது. ஜெர்சி, கால்சட்டை, காலுறை, துண்டு, வாரம் ஒன்பது மூட்டை. கடையில் அவளோடு மேனாவும் இன்னொரு பெண்ணும் வேலை செய்வது அந்த ஒன்பது மூட்டையை நம்பித்தான். கிளப் தலைவரோ, கேலரியில் நின்று தன்னைப் பார்த்து விசிலடித்தான் என்பதற்காக இருபது வருட ரொட்டிக்காரனை ஒரே நாளில் மாற்றியவர். மிஸ்டர் போனாலும் தலைவர் தலைவர்தான். கிளப்பின் வேலியில் தொங்கிய பேனரில் கிளப் சலவைக்காரியின் குறி இருந்தது என்று தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு தப்பு செய்தாள். முதல் தப்பு, சொல்லும் அவளுடையதாகிப்போனது.

பக்கத்து ஊரிடம் சொந்த மைதானத்தில் மூன்று பூஜ்யம். தோற்பதை மோந்தெசாலே மன்னிக்கும், தோற்றுத்தான் பழக்கம். ஆனால் தோற்ற பிறகு ஆட்டக்காரர்கள் தெற்கு கேலரிக்கு முன்னால் வந்து, தலையைக் குனிந்து நின்று, ஐந்து நிமிடம் வசவு வாங்கிக்கொள்ள வேண்டும். திட்டி முடித்ததும் யாராவது ஒருவர் கைதட்டுவார், பிறகு எல்லோரும் தட்டுவார்கள், அவரவர் வீட்டுக்குப் போகலாம். தோராவின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அன்று பசங்கள் கேலரிப் பக்கம் திரும்பினார்கள். மிஸ்டர் கையை அசைத்தார். எல்லோரும் அப்படியே உடைமாற்றும் அறைக்குப் போகும் சுரங்கப் பாதைக்குள் போய்விட்டார்கள். மூவாயிரம் பேர் வாயில் வசவை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கத்தால்தோ கடைக்கு வந்தபோது அவன் கையில் வெற்றுக் காகிதம். "வார்த்தையே வர மாட்டேங்குதுக்கா. கெட்ட வார்த்தைதான் வருது. அது பத்தல."

தோரா அதற்குள் விரிப்பைத் தரையில் விரித்துவிட்டிருந்தாள். "வடக்கே போற வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் ஆறு பத்து. எங்க மாமா தெனம் அதுலதான் போறாரு. ஏன்?"

அவள் ஒரே மூச்சில் எழுதினாள். 'மிஸ்டர், வடக்கே போற வண்டி 6.10-க்கு. வழியனுப்ப ஊரே வரும்.' கத்தால்தோ சிரித்துச் சிரித்து சோப்புத்தூள் மூட்டைமேல் சாய்ந்தான். அவளும் சிரித்தாள். சொல் தன்னுடையதாக இருப்பதில் ஒரு போதை இருந்தது. அந்தப் போதையில்தான் கத்தரியை மறந்தாள்.

மறுவாரம் திங்கட்கிழமை. கிளப்பின் சாமான் பொறுப்பாளர் கோசிமோ வழக்கம்போல் வேனைப் பின்பக்கமாக ஓட்டி வந்து கதவோடு ஒட்டி நிறுத்தினார். தோராவோடு பள்ளியில் படித்தவர். முட்டி தேய்ந்துபோன முன்னாள் கோல்காப்பாளர்.

"தோரா, மூட்டை."

"எத்தனை?"

"ஒம்போது. என்னிக்கு எட்டு வந்திருக்கு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "தலைவர் ஏதாவது சொன்னாரா?"

"எதைப் பத்தி?"

"சலவையைப் பத்தி."

"தலைவருக்குச் சலவைன்னு ஒண்ணு நடக்குறதே தெரியாது. ஜெர்சி மரத்துல காய்க்குதுன்னு நெனச்சிட்டிருக்காரு. ஏன், சோப்பு வெலை ஏறிடுச்சா?"

"பழைய மிஸ்டர் போகும்போது ஆபீஸ்ல எதையாவது விட்டுட்டுப் போனாரா? துணி, கினி?"

"ஒரு பொட்டியோட வந்தாரு, ஒரு பொட்டியோட போனாரு. கிளப் கார் சாவியையும் வீட்டுச் சாவியையும் மேசைமேல வெச்சாரு. என்கிட்ட வந்து கையைக் குடுத்தாரு. பதினாலு மிஸ்டரைப் பாத்துட்டேன் தோரா, சாமான் அறைக்கு வந்து கையைக் குடுத்தது இவரு ஒருத்தர்தான்." கோசிமோ மூட்டையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. சீசன் முடியிறவரைக்கும் அவருக்குச் சம்பளம் ஓடும். புதுசா வந்தவன் சொதப்பினா, சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறவரையே திரும்பக் கூப்பிடுவாங்க. அதனால பொட்டி கட்டின மிஸ்டரை நான் ரொம்பத் திட்டுறதில்ல."

அது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது எங்கோ ஒரு கிளப்பில் நடப்பது. மோந்தெசாலேயிலேயே இரண்டு முறை நடந்திருக்கிறது. ஆனாலும் ஒருவரைத் துரத்தும்போது ஊருக்கு அது நினைவு வருவதே இல்லை.

புதிய மிஸ்டர் நாற்பது வயதுக்காரர், தலைநகரத்து ஆள். நல்ல கோட்டு, நல்ல பல். வந்த முதல் நாளே கேலரிக்கு முன்னால் ஓடிவந்து நெஞ்சில் குத்திக்கொண்டார். ஊர் கிறங்கிப்போனது. முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். தோற்ற ஆட்டங்களுக்குப் பிறகும் பசங்களைத் தவறாமல் கூட்டிவந்து வசவு வாங்க வைத்தார். அவரே முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மனுஷன்னா இவன் மனுஷன்!" என்றான் கத்தால்தோ.

 தோராவுக்கு மட்டும் வேறொரு செய்தி வந்துகொண்டிருந்தது. அது மூட்டைக்குள் வந்தது.

ஜெர்சியைத் துவைப்பவளிடம் பொய் சொல்ல முடியாது. புல்லின் பச்சை காலுறையில் முட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் பந்துக்காக விழுந்தவன். முதுகில் இருந்தால் தள்ளிவிடப்பட்டவன். தோளில் சுண்ணாம்புக் கோடு இருந்தால் எல்லைக்கோடு வரை சறுக்கிப் போய்ப் பந்தைக் காப்பாற்றியவன். அக்குளில் உப்புப் பூக்காமல் வந்தால் அவன் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் உலாத்தியிருக்கிறான். பதினொரு வருடத்தில் தோரா ஆட்டத்தைப் பார்த்ததைவிடத் துவைத்ததில்தான் அதிகம் தெரிந்துகொண்டாள்.

சாம்பல் கோட்டுக்காரர் இருந்த நாலு மாதமும் மூட்டை பிரித்தால் சேறு கொட்டும். இரண்டு முறை ஊறவைத்தும் போகாத பச்சை. மேனா திட்டிக்கொண்டே தேய்ப்பாள்: "இவனுங்க பந்து ஆடுறானுங்களா, ஏர் உழுறானுங்களா?" மூன்று பூஜ்யத்தில் தோற்ற அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெர்சிகள்தான் சீசனிலேயே மோசமான அழுக்கு. அதைத் தோரா திங்கள் மதியம்தான் பார்த்தாள், அவர் வேலை போன பிறகு. 

புதியவர் வந்த மூன்றாம் வாரம் மேனா ஒரு மூட்டையைப் பிரித்து முகர்ந்தாள்.

"அக்கா, இது துவைச்ச மூட்டையா, துவைக்காததா?"

"இப்பத்தானே கோசிமோ எறக்கினாரு."

"ஒம்போதாம் நம்பரைப் பாருங்க. மடிச்சு அலமாரியில வெச்சிரலாம். சென்ட் வாசனை வேற."

ஜனவரி முழுக்க அப்படித்தான். ஜெர்சிகள் வெளுப்பாக வந்தன, வெளுப்பாகப் போயின. தோற்ற பிறகு கண்ணீர் மட்டும் குறையவில்லை; அது துணியில் கறை பிடிப்பதில்லை. தோராவுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். நின்றால் நடக்கத் தோன்றும். ஒருநாள் கத்தால்தோவைக் கடைக்குள் இழுத்து, சேறு படிந்து நிறம் போன பழைய காலுறை ஒன்றையும் புதிய மூட்டையிலிருந்து ஒன்றையும் அவன் கையில் திணித்தாள்.

"பாரு."

"என்னக்கா இது, காலுறை."

"அது அவரு காலத்து. இது இவரு காலத்து."

"அதுக்கு?"

"பசங்க ஓட மாட்டேங்குறாங்கடா. அன்னிக்கு ஓடினாங்க. தோத்தாலும் ஓடினாங்க. நாம தப்பான ஆளைத் துரத்திட்டோம்."

கத்தால்தோ இரண்டு காலுறைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, நான் கேலரியில போய், 'நண்பர்களே, காலுறை சொல்லுது, மிஸ்டரைத் திரும்பக் கூப்பிடலாம்'னு சொன்னா என்னைக் குழாய்க்குள்ளயே வெச்சு அடைச்சிடுவாங்க."

பிப்ரவரி இரண்டாம் வாரம் அணி பட்டியலில் கடைசி இடத்துக்கு வந்தது. ஊர் மறுபடியும் தூங்காமல் கிடந்தது. யார் போனடித்தாலும் 'தூக்கிட்டாங்களா' என்பதுதான் முதல் கேள்வி. கப்பல் சமையல்காரரான தோராவின் கணவர் விதோ, கால்பந்து என்றால் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாதவர், எங்கோ நடுக்கடலிலிருந்து கூப்பிட்டு, "அங்க என்னமோ உங்க பந்துக்காரனை மாத்துறாங்களாமே?" என்றார். செவ்வாய்க்கிழமை நல்ல பல்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்து யார்?

கோசிமோ கடைக்கே வந்து சொன்னார். "நான்தான் சொன்னேன்ல, ரொம்பத் திட்டாதீங்கன்னு. சாம்பல் கோட்டு வருது."

தோராவின் கையிலிருந்த இஸ்திரி நகரவில்லை. துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் தூக்கினாள்.

காபிக் கடையில் அன்று பேச்சு குறைவாக இருந்தது. வடக்கத்தியான் என்று யாரும் சொல்லவில்லை. "அவருக்கும் நேரம் குடுக்கலதான்" என்றார் ஒருவர். "நான் அப்பவே சொன்னேன்" என்றார் இன்னொருவர். சொல்லவே இல்லை. கத்தால்தோ சலவைக்கடைக்குள் நுழைந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, 'நல்வரவு மிஸ்டர்'னு ஒண்ணு எழுதணும்."

"முடியாது."

"சொல்லு எங்களோடதுக்கா! எழுத்து மட்டும்தான் உன்னோடது. உன் சட்டம்தானே?"

"அந்தச் சட்டத்தை மீறி ரெண்டு மாசமா நான் படுற பாடு எனக்குத் தெரியும். பழைய பேனர் எங்க இருக்குன்னு தெரியாம புதுசு எழுத மாட்டேன்." பிறகு அவனிடம் குறியைப் பற்றிச் சொன்னாள். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னாள்.

கத்தால்தோவின் முகம் மாறியது. "நூத்திப் பதினாலா? சிவப்பு நூல்லயா?" கொஞ்சம் யோசித்தான். "அவரு கவனிச்சிருக்க மாட்டாருக்கா."

"எட்டா மடிச்சாருன்னு சொன்னியேடா. மூலையோட மூலை சேர்க்காம யாரு எட்டா மடிப்பாங்க?"



புதன்கிழமை கோசிமோ வந்து எடுத்துப்போக வேண்டிய துணியைத் தோரா தானே எடுத்துக்கொண்டு போனாள். மேனா கேட்டதற்கு, "நடக்கணும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டு கடை வேனை ஓட்டிக்கொண்டு போனாள்.

பயிற்சி முடிந்திருந்தது. பசங்கள் வண்டிகளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். மிஸ்டர் வேலியருகே நின்று, யாரோ விட்டுப்போன பயிற்சிக் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். கோட்டு அதேதான். தோரா மூட்டைகளை இறக்கினாள். பிறகு போகவில்லை.

"மிஸ்டர்."

"வாங்க சிஞ்ஞோரா" என்றார், அம்மா என்பதுபோல மரியாதையாக.

"நான் சலவைக்கடை—"

"தெரியும். நூத்திப் பதினாலு."

 தோரா இரண்டு மாதம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. "எழுதினது நான்தான்" என்றாள். "எழுத்து மட்டும் இல்ல. சொல்லும் நான்தான். கடையில ரெண்டு பேரு வேலை பாக்குறாங்க. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் கடைசிக் கூம்பையும் அடுக்கினார். "அந்த நேரம் தப்பு" என்றார்.

"என்னது?"

"ஆறு பத்துன்னு எழுதியிருந்தீங்க. அந்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து கால அட்டவணை மாறிடுச்சு. இப்ப அஞ்சு அம்பத்திரண்டு. நான் உங்களை நம்பி ஆறு அஞ்சுக்குப் போய் நின்னேன். வண்டி போயிடுச்சு."

தோராவுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "அய்யய்யோ."

"அடுத்த வண்டி மூணு மணி நேரம் கழிச்சு. ஸ்டேஷன் காபிக் கடையில உக்காந்திருந்தேன். ஊருல பாதி பேர் அந்த வழியா வீட்டுக்குப் போறாங்க. ஒருத்தர்கூட என்னைப் பாக்கல. எல்லாருக்கும் திடீர்னு செருப்பு வாரு அவுந்துடுச்சு, குனிஞ்சு குனிஞ்சு போனாங்க. மூணு காபி குடிச்சேன். கடைக்காரர் காசு வாங்கல. மரியாதையா, சீக்கிரம் போய்த் தொலைன்னு சொன்னதா, இன்னும் புரியல."

"எங்களுக்கே புரியாது மிஸ்டர்."

அவர் முதல் முறையாகச் சிரித்தமாதிரி இருந்தது. கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமலே தன் காரைக் காட்டினார். "துணி டிக்கியில இருக்கு. வீட்டுல யாருக்கும் காட்டல, இங்கயும் காட்டல."

தோரா நகரவில்லை. "ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு ஏன் பசங்களைக் கேலரிக்கு அனுப்பல? தோத்ததுக்கு இல்ல, அதுக்குத்தான் எழுதினேன்."

"மூணு பேர் அழுதுட்டிருந்தாங்க. ஒருத்தனுக்குப் பத்தொம்போது வயசு. அழறவனை நான் யாரு முன்னாலயும் நிறுத்த மாட்டேன்." காலால் கூம்பு அடுக்கை நேராக்கினார். "ஆனா நான் வந்து நின்னிருக்கணும். அது எனக்குத் தோணல. எங்க ஊருல தோத்தா எல்லாரும் பேசாம வீட்டுக்குப் போயிடுவாங்க."

அவர் போய் டிக்கியைத் திறந்து விரிப்பை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். இன்னும் எட்டாகவே மடிந்திருந்தது. மூலையில் சிவப்பு நூல் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"நேரத்தை மட்டும் திருத்தி வைங்க" என்றார். "மே மாசம் சீசன் முடியிற வரைக்கும் இருக்கட்டும். தேவைப்படலாம். இன்னொரு தடவை வண்டியை விட்டுட்டு அந்தக் காபியைக் குடிக்க என்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மழை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் எதிரணி சமன் செய்தது, அதனால் தோற்ற மாதிரியேதான் இருந்தது. கேலரியில் மூவாயிரம் பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். மிஸ்டர் கையை அசைத்துப் பசங்களை உள்ளே அனுப்பினார். கேலரி ஒரே குரலாக உறுமியது. பிறகு அவர் மட்டும் சேற்றில் இறங்கி நடந்து வந்தார். கோட்டுப் பையில் இரண்டு கை. தெற்கு கேலரிக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

ஒரு கணம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தனியாக வந்தவரை அந்த ஊர் திட்டியதே இல்லை. திட்டு வாங்கவும் ஒரு கும்பல் வேண்டும். பிறகு கத்தால்தோ ஆரம்பித்தான், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து நிமிடம் நல்ல கனமான வசவு. டிசம்பரில் வாயில் தங்கிப்போனதும் சேர்த்து. தோராவும் திட்டினாள். அவள் அப்பா நின்ற இடம் அது, திட்டாமல் இருக்க முடியாது. மிஸ்டர் தலையைக் குனியவில்லை. மழைநீர் மூக்கில் சொட்ட, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சத்தம் அடங்கிற்று. யாராவது கைதட்ட வேண்டிய நேரம். யாரும் தட்டவில்லை. கத்தால்தோ திரும்பித் தோராவைப் பார்த்தான். தோரா தன் கையைப் பார்த்தாள். பிறகு தட்டினாள். நனைந்த கையாதலால் ஓசை சரியாக வரவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்தவர் தட்டினார், அவருக்குப் பின்னால் இருந்தவர் தட்டினார். பாதிக் கேலரி தட்டியது. மீதிப் பாதி தட்டவில்லை. மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிப் போனது. மிஸ்டர் தலையை ஒருமுறை அசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

திங்கட்கிழமை கோசிமோ வேனை ஒட்டி நிறுத்தினார். மூட்டை ஒன்பது. மேனா முதல் மூட்டையைப் பிரித்தாள், பின்னால் தள்ளி நின்றாள்.

"ஆரம்பிச்சிட்டானுங்கய்யா உழவு!"

தோரா வந்து பார்த்தாள். முட்டியில் பச்சை, தோளில் சுண்ணாம்பு. ஒன்பதாம் நம்பர் ஜெர்சியில் கழுத்துவரை சேறு. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் அபாயம் இன்னும் இருந்தது. பதினாறு ஆட்டம் பாக்கி. அவளால் இன்னும் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஆனால் ஊறவைக்கும் தொட்டியை அவளே நிரப்பினாள்.

மதியம் கடைப் பின்பக்கம் விரிப்பைத் தரையில் விரித்தாள். ஆறு பத்தின்மேல் இரண்டு பூச்சு வெள்ளை அடித்துக் காயவிட்டாள். சாயங்காலம், ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ஒருமுறைக்கு இருமுறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டு, ஐந்து ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். கத்தரியை எடுத்தாள். மூலையைப் பிடித்தாள். சிவப்பு நூலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கத்தரியை வெட்டாமலே கீழே வைத்துவிட்டாள். காய்ந்ததும் எட்டாக மடித்து, வாடிக்கையாளர் துணி வைக்கும் அலமாரியில் மேல்தட்டில் வைத்தாள்.

மேனா ரசீதுச் சீட்டோடு வந்தாள். "இது யாருதுக்கா? என்ன பேரு எழுத?"

"மிஸ்டர்னு எழுது."

"எப்ப வாங்க வருவாரு?"

"மே மாசம்" என்றாள் தோரா. "வராமப் போனா இன்னும் நல்லது."